பின்னங்கால் இழுபடுது, வயசுதான் காரணமா?

கேள்வி: 2023 நவம்பர் 18, வாடிப்பட்டி வாசகர்

எங்க லாப்ரடாருக்கு 9 வயசு. தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில போய்ப் புகுந்தான். மறுநாள்ல இருந்து பின்னங்கால் ரெண்டும் சரியா ஊனலை, இழுத்துக்கிட்டே நடக்கிறான். "வயசாகிருச்சு, இனி என்னத்தப் பாக்குறது, ஊசியப் போட்டு விட்ருவோம்"ங்கிறார் அப்பா. நாய்க்கு வயசானா கால் போகத்தானே செய்யும்?

2023 நவம்பர் 19

வயசானால் கால் தளரும், இழுபடாது. இழுபட்டால் அதற்கென்று ஒரு காரணம் இருக்கும் தம்பி. அதைக் கண்டுபிடிக்காமல் கருணைக்கொலை ஊசிப் பேச்சை எடுக்காதீர்கள்.

என் வீட்டில் ராணி இருக்கிறாள். அல்சேஷன், 11 வயசு. இந்த ஆடியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. நான் தையல் மெஷினில் இருப்பேன், அவள் வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவாள். சரக், சரக் என்று சிமெண்டுத் தரையில் நகம் உரசும். ஒரு வாரம் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் காலைத் தூக்கிப் பார்த்தால், பின்னங்காலில் நடுவிரல் நகம் ரெண்டும் மேல்பக்கமாகத் தேய்ந்து சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னங்கால் நகங்களுக்கு ஒன்றுமே இல்லை. மடங்கின பாதத்தைத் தூக்காமல் இழுத்தே நடந்திருக்கிறாள்.

அவளுக்கு வந்தது பையப் பைய. உங்கள் பிள்ளைக்கு மறுநாளே வந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சலிலும் பின்னங்கால் சோர்ந்துபோகும், ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தலாம். வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாய்க்குத் திடீரென்று கால் விழுந்தால் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் கிடக்கிற டைக்ளோபினாக், புரூபென், பாரசிட்டமால் எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு வலி குறைக்கிற மாத்திரை நாய்க்கு வயிற்றிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் போய் வேலையைக் காட்டும்.

2023 நவம்பர் 20

ஒன்று விட்டுப்போனது. நாயை நிற்க வைத்து, இடுப்பைத் தாங்கிக்கொண்டு, ஒரு பின்னங்காலின் பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படுகிற மாதிரி வையுங்கள். நல்ல நாய் அந்தக் கணமே திருப்பி ஊனிவிடும். ராணி அப்படியே நின்றாள், பாதம் எங்கே இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. இதை வைத்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது, நரம்பில் கோளாறு என்று மட்டும் தெரியும். முதுகை அழுத்திப் பார்க்கிற வேலையை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். வலி இருந்தால் எவ்வளவு பாசமான நாயும் கடிக்கும்.

2023 டிசம்பர் 3

ராணி கதையை முழுசாகக் கேட்டிருந்தீர்கள்.

முதலில் போன இடத்தில் மூட்டுவாதம் என்றார்கள். மூன்று வாரம் ஊசி. அதில் ஸ்டீராய்டும் இருந்தது என்பது பிறகு வேறு டாக்டர் சீட்டைப் பார்த்துச் சொல்லித்தான் தெரியும். ராணி சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போனாள். கால் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யாரும் அவள் நகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ரெண்டாவது டாக்டர் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். நடக்கவிட்டார், திருப்பவிட்டார், முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்தினார். எங்கேயும் அவள் சிணுங்கவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஓரத்தில் பாலம் கட்டின மாதிரி எலும்பு வளர்ந்திருந்தது. "வயசான பெரிய நாய்ங்க நிறையப் பேருக்கு இது இருக்கும்மா, கால் போனதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார். அப்புறம்தான் அந்தப் பேரைச் சொன்னார்: டிஜெனரேட்டிவ் மைலோபதி.

தண்டுவடத்துக்குள் ஓடுகிற நரம்பு இழைகள் தாமாகவே நைந்துபோகிற நோய். மின்சார ஒயரின் மேல் உறை உரிந்து, பிறகு உள்ளே இருக்கிற கம்பியும் அற்றுப்போவது மாதிரி என்று விளக்கினார். முதுகின் நடுப்பகுதியில் ஆரம்பிப்பதால் முதலில் பின்னங்கால். பிறகு சிறுநீர், மலம். அதற்கும் பிறகு முன்னங்கால். 1973இல் அல்சேஷன் நாய்களில்தான் முதலில் விவரித்திருக்கிறார்கள். 2009இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் இருக்கிற பிழையோடு இதற்குத் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்குத் தசையை இயக்குகிற நரம்புகள் செத்துப்போகிற ஏ.எல்.எஸ். நோயிலும் சிலருக்கு இதே மரபணுவில்தான் பிழை. தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் அந்தப் பிழை வந்த நாய்க்கு ஆபத்து அதிகம். ஆனால் அப்படி வந்த எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை.

உயிரோடு இருக்கும்போது இதை நூறு சதவீதம் உறுதி செய்ய முடியாது. இறந்தபின் தண்டுவடத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி. அதுவரைக்கும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, மிஞ்சுவது இது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தட்டுப் பிதுக்கம், கட்டி ரெண்டையும் தள்ளிவிடலாம். அதற்குச் சென்னை போகச் சொன்னார். 450 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் கொண்டுபோய், 11 வயசில் மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுத்து, இதேதான் என்று தெரிந்தால் அதற்கு மருந்தும் கிடையாது. நான் போகவில்லை. சின்ன வயசு நாயாக இருந்து, வலியும் இருந்திருந்தால் கடன் வாங்கியாவது போயிருப்பேன்.

2023 டிசம்பர் 4

இரண்டு பேர் தமிழில் இதற்குப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தண்டுவடச் சிதைவு நோய் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். டாக்டரிடம் போகும்போது மைலோபதி என்றே சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

2023 டிசம்பர் 17

வாடிப்பட்டித் தம்பி எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? அவர் பிள்ளைக்குத் தட்டுப் பிதுக்கமாம். கட்டிலுக்கு அடியில் புகுந்தபோது முதுகு அடிபட்டிருக்கிறது. முதுகை அழுத்தினதும் கத்தியிருக்கிறான். அவனைக் கூண்டில் போட்டு வாரக் கணக்கில் அசையாமல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கு, ரெண்டுக்கு மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே.

இதைக் கொட்டை எழுத்தில் எழுதணும் போல இருக்கிறது. அவனுக்கு அசையாமல் கிடப்பதுதான் வைத்தியம். ராணிக்கு அசைந்துகொண்டே இருப்பதுதான் வைத்தியம். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு நாயும் ஒரே மாதிரிதான் காலை இழுக்கும். நான் இங்கே எழுதுகிறதைப் பார்த்து அவன் நடை பழகியிருந்தால் இருக்கிற நரம்பும் போயிருக்கும். இனி நான் எழுதுகிற ஒவ்வொன்றும் ராணிக்கு, ராணியின் நோய்க்கு மட்டும்.

2024 ஜனவரி 16

பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். கடையில் வேலை குறைவு.

தரைதான் முதல் எதிரி. எங்கள் முன்னறையில் டைல்ஸ். கால் நாலா பக்கமும் விரிந்து, தவளை மாதிரி விழுந்துவிடுவாள். நாலு தடவை விழுந்தால் ஐந்தாவது தடவை எழுந்திருக்கவே பயப்படுகிறாள். கோரைப்பாய் போட்டேன், பாயே வழுக்கியது. கடைசியில் மாட்டுத்தொழுவத்துக்குப் போடுகிற ரப்பர் விரிப்பு வாங்கி அவள் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதையாகப் போட்டேன். அன்றைக்கே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தூக்கி நடத்துவதற்குக் கட்டைப்பை. ஜவுளிக்கடையில் புடவை எடுத்தால் கொடுக்கிறார்களே, அதேதான். ரெண்டு பக்கத் தையலையும் பிரித்துவிட்டால் கைப்பிடியோடு நீளமான துணி ஒன்று கிடைக்கும். அதை வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து, ரெண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்தால் இடுப்பு பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். வெறும் துண்டில் கட்டினால் சுருண்டு கயிறாகி வயிற்றை அறுக்கும். நான் உள்ளே பழைய போர்வையை மடித்து வைத்து, ஓரத்தில் ரெண்டு ஓட்டம் தைத்தேன். தைக்கத் தெரியாதவர்கள் பக்கத்துத் தையல்கடையில் கொடுங்கள், பத்து நிமிஷ வேலை.

பாதத்துக்கு உறை தைத்தேன். ரெக்சினில் தைத்தது வேர்த்து விரலுக்கு நடுவே புண்ணாகிவிட்டது. ஜீன்ஸ் துணிதான் சரி. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடணும்.

2024 பிப்ரவரி 11

சோழவந்தானில் அண்ணன் தோப்பு. பம்புசெட்டுத் தொட்டி மார்பளவு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராணியை ஆட்டோவில் கொண்டுபோனோம். அண்ணன் உள்ளே இறங்கி நின்றார், நான் மேலே இருந்து கட்டைப்பையில் பிடித்து இறக்கினேன். முதலில் அண்ணன் தோளில் நகத்தைப் பதித்துக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முன்னங்கால் தண்ணீரைத் துழாவ ஆரம்பித்தது. அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்ல. பின்னங்காலும் உதைத்தது. இடது கால் நன்றாக, வலது கால் ரெண்டு உதைக்கு ஒன்று. நாலு மாதமாகத் தரையில் செத்துக் கிடந்த கால். பாரம் இல்லாததால் மிஞ்சியிருக்கிற பலமே போதுமாக இருந்தது. அண்ணன், "ஏத்தா, இவ நீந்துறாத்தா" என்று கத்தினார். தோப்புக் காவல்காரர் ஓடிவந்துவிட்டார்.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடவில்லை. நன்றாகத் துடைத்து, காதுக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டோம். இப்போது வாரம் ஒரு தடவை. மற்ற நாளில் வீட்டில், படுக்க வைத்து ஒவ்வொரு காலையும் மடக்கி நீட்டி பத்துப் பத்துத் தடவை, சைக்கிள் மிதிக்கிற மாதிரி.

சும்மா மனசு ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 2006இல் 22 நாய்களை வைத்து வந்த ஆய்வு ஒன்று உண்டு. இந்த நோய் என்று சந்தேகப்பட்ட நாய்களில், பயிற்சியே இல்லாதவை சராசரி 55 நாள், மிதமான பயிற்சி உள்ளவை 130 நாள், தினமும் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தவை 255 நாள் இருந்திருக்கின்றன.

2024 பிப்ரவரி 12

நேற்று எழுதினதில் ஒரு திருத்தம். 22 நாய் என்பது சின்னக் கணக்கு. பயிற்சி கொடுத்த வீடுகள் மற்றபடியும் நன்றாகப் பார்த்துக்கொண்ட வீடுகளாக இருக்கலாம். தீவிரப் பயிற்சி கொடுத்தால் 255 நாள் உறுதி என்று யாரும் நாள் எண்ண வேண்டாம். நான் எண்ணினேன், அதனால்தான் சொல்கிறேன். ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

2024 மார்ச் 24

நிற்க முடியவில்லை. பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், கட்டைப்பையில் தூக்கினாலும் பின்பக்கம் துணியாகத் தொங்கிவிட்டது.

அதோடு ஒன்றுக்குப் போவதும் போனது. படுக்கையெல்லாம் நனைகிறதே, போகத்தானே செய்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் வயிற்றைத் தொட்டதும், "இது நிரம்பி வழியுறதும்மா, காலியாகுறது இல்ல" என்றார். உள்ளே தேங்கினால் கிருமி சேரும், சிறுநீரகம் வரைக்கும் போகும்.

அழுத்தி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். படுக்க வைத்து, பின்தொடைக்கு முன்னால் வயிற்றின் ரெண்டு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வைக்கணும். விரல் நுனியால் குத்தக்கூடாது. உள்ளே தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி ஒன்று வழுக்கும். அதை ரெண்டு கைக்கும் நடுவில் நிறுத்தி, மெதுவாக, விடாமல், பின்பக்கமாக அழுத்தணும். எனக்கு மூன்று நாள் பிடிபடவே இல்லை, குடலைப் பிடித்துக்கொண்டு திண்டாடினேன். நாலாவது நாள் விடிகாலையில் கைக்குள் அது சிக்கியது. கொஞ்சம் இறுகி நின்றது, பிறகு விட்டது, சர்ரென்று வந்தது. ராணி தலையைத் திருப்பி என் முழங்கையை நக்கினாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. வராவிட்டால் முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள், டாக்டரிடம் போங்கள். எழுத்தில் படித்து இதைச் செய்யாதீர்கள், ஒரு தடவையாவது அவர் கை மேல் உங்கள் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூத்திரம் பட்ட இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரமே இல்லாமல் ஒற்றி எடுங்கள். முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

2024 ஏப்ரல் 25

என் தப்பை எழுதியே ஆகணும்.

எங்கள் வீடு மதுரை புதூர் சந்துக்குள். சித்திரை என்றால் என் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. அழகருக்கு வேண்டிக்கொண்டு கருப்பசாமி வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை, தலைப்பாகை, சரிகை வைத்த கச்சை எல்லாம் தைத்தாகணும். அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு முந்தின நாள் ஒரே இருப்பில் தைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டிய ராணியைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வலப்பக்கமாகவே விட்டுவிட்டேன். மறுநாள் இடுப்பெலும்பு மேட்டில் ரூபாய் காசு அகலத்துக்குச் சிவப்பு. அதற்கடுத்த நாள், அழகர் ஆற்றில் இறங்கின 23ஆம் தேதி, தோல் கழன்று வந்துவிட்டது. தெருவெல்லாம் தோப்பரை என்கிற தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஆடிப் போகிறார்கள், நான் வாசற்படியில் உட்கார்ந்து அவள் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த நோயில் தண்டுவடம் வலிக்காது. வலியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: நாம் புரட்டாத பக்கம், நாம் துடைக்காத ஈரம், நாம் போடாத விரிப்பு. இதை நான் முன்பே எழுதியிருக்கணும், எனக்கே இப்போதுதான் உறைத்தது.

இப்போது சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். இடது, வலது என்று எழுதி, திருப்பினவர் நேரம் போட்டுக் கோடு கிழிக்கணும். வீட்டில் எல்லோரும்.

2024 மே 19

புண் ஆறிக்கொண்டு வந்தது, ஈ விடவில்லை. வெயிலும் அப்படி. வெள்ளிக்கிழமை வாலடியில் ஒரு நாற்றம். முடியை விலக்கினால் தோல் நகர்ந்தது. புழு. நான் அலறியதில் பக்கத்து வீட்டு மதினி ஓடிவந்தார். அப்பத்தா தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. அதை நாய் நக்கினால் விஷம் என்று தடுத்து, ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டர் சுற்றிலும் முடியை மழித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். முப்பத்திநாலு. நான் எண்ணினேன்.

அன்றைக்கே கொசுவலைத் துணி வாங்கி, அவள் படுக்கைக்கு நாலு பக்கமும் கூடாரம் தைத்துவிட்டேன். படுக்கை வைத்திருக்கிற எல்லோரும் வெயில் காலத்தில் இதை முதல் நாளே செய்யுங்கள். புண் இருக்கிறதோ இல்லையோ, தினமும் வாலடி, தொடையிடுக்கு, முழங்கை மூன்றையும் முடியை விலக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

2024 மே 20

அப்பத்தாவுக்கு 84 வயசு. நேற்று ராத்திரி நான் ராணியைத் திருப்பிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "நாளைக்கு நான் விழுந்தாலும் இப்படிப் பொரட்டிப் போடுவியாத்தா?" என்று கேட்டது. போடுவேன் அப்பத்தா என்றேன். காகிதத்தில் கோடு கிழிக்க பென்சிலை அது வாங்கிக்கொண்டது.

2024 ஜூன் 16

பின்னங்காலுக்குப் பதிலாக மாட்டுகிற சக்கர வண்டி. நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

தெரிந்த பிளம்பர் பி.வி.சி. குழாயில் செய்து கொடுத்தார், குழந்தை சைக்கிள் சக்கரம் ரெண்டு. வாரும் இருக்கையும் என் தையல். முதலில் செய்ததில் சக்கரம் பின்னால் தள்ளிப் போயிருந்தது. பாரமெல்லாம் தோளில் விழுந்து, பத்தடியில் படுத்துவிட்டாள். சக்கரத்தை இடுப்பெலும்புக்கு நேர் கீழே கொண்டுவந்ததும் தராசு சமமாகிவிட்டது. முதுகு தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் குழாயை அறுக்கத்தான் வேண்டும்.

முதல் நாள் ஐந்து நிமிஷம், இப்போது கால்மணி. வண்டியில் இருக்கும்போது அவளால் படுக்க முடியாது, அதனால் கூடவே இருக்கணும். பால்காரர் வண்டியைக் கண்டதும் பழையபடி குரைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் உருண்டு போனாள். பால்காரர் வண்டியை நிறுத்தி, "வந்துட்டியா நீ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

31 கிலோ இருந்தவளை 27க்குக் கொண்டுவந்திருக்கிறோம். பாசத்தில் சோற்றைக் கூட்டிப் போடாதீர்கள், அந்த எடையை முன்னங்கால் ரெண்டும்தான் சுமக்கணும்.

2024 ஜூலை 21

ஏப்ரலில் வலிக்காது என்று எழுதினேன். அதற்கும் ஒரு திருத்தம். தண்டுவடத்தில் வலி இல்லை என்பது சரி. ஆனால் முன்பக்கத்தாலேயே உடம்பை இழுத்து இழுத்துத் தோளும் கழுத்தும் கட்டிப்போகின்றன. தோளைத் தொட்டால் முகத்தைத் திருப்பினாள். டாக்டர் அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்திருக்கிறார், நானும் ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். ஒத்தடத் துணியை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். பின்பக்கம் வைக்கவே கூடாது, சுட்டாலும் அவளுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம்.

2024 ஆகஸ்ட் 25

இடது முன்னங்கால் மடங்குகிறது. அதே மாதிரி, பாதம் திரும்பி.

ஜூனிலேயே டாக்டர் கேட்டார்: "இவளுக்கு ரொம்பப் பிடிச்சது மூணு சொல்லுங்க." பால்காரரைக் குரைப்பது, அப்பத்தா தட்டிலிருந்து கருவாட்டுத் தலை வாங்குவது, நான் மெஷின் மிதிக்கும்போது என் கால்மாட்டில் தலையை வைப்பது. மூன்றில் ரெண்டு நின்றால் என்னிடம் பேசுங்கள் என்றார். பால்காரர் போன வாரம் வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கருவாட்டை வாங்கிக் கீழே போட்டுவிட்டாள்.

2024 செப்டம்பர் 8

புதன்கிழமை டாக்டர் வீட்டுக்கே வந்தார். அவள் படுக்கையிலேயே, மெஷினுக்குப் பக்கத்தில். முதலில் தூங்க வைக்கிற ஊசி. தலை என் பாதத்தின் மேல் இருந்தது. மூச்சு சீரானதும் ரெண்டாவது ஊசி. சோழவந்தான் தோப்பில், பம்புசெட்டுத் தொட்டிக்கு மேற்கே அண்ணன் குழி வெட்டி வைத்திருந்தார்.

நோய் தெரிய ஆரம்பித்து பதிமூன்று மாதம். சீக்கிரமாகச் செய்துவிட்டேனா என்று ஒரு நாள் தோன்றுகிறது, ஒரு வாரம் முன்பே செய்திருக்கணும் என்று மறுநாள். வாடிப்பட்டித் தம்பியின் அப்பா போன் வாங்கிப் பேசினார். "நம்ம பய இப்பக் கோணக்கோண ஓடுறான்த்தா, அன்னைக்கு நீ தடுக்கலேன்னா..." என்று சொல்லிவிட்டு மேலே பேசவில்லை.

2024 செப்டம்பர் 29

மேலூர் அக்காவுக்கு. நாலுவழிச் சாலையில் அடிபட்ட தெருநாயை எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வண்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிப்பட்டித் தம்பி மாட்டுத்தாவணிக்கு வேலைக்கு வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து எடுத்து உங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

உங்கள் நாய் 14 கிலோ என்றீர்கள். நீங்கள் அனுப்பின அளவுக்கு முன்குழாயில் நாலு இஞ்சு அறுத்தாயிற்று. சக்கரம் இடுப்புக்கு நேரே வருகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுத் திருகாணியை முறுக்குங்கள். சிவப்பு நூல் தையல் ராணி அளவு. அதைப் பிரித்து வெள்ளை நூலில் உங்கள் அளவுக்குப் பிடித்திருக்கிறேன். தொடை உரசுகிற இடத்தில் பஞ்சு ரெண்டு மடிப்பு இருக்கிறது, மூத்திரம் பட்டால் கழற்றித் துவைத்து வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். கொசுவலையும் பையில் வைத்திருக்கிறேன்.